பன்னிரண்டு அடி தள்ளி

எலக்ட்ரீசியன் தோள்ல செங்கல் விழுந்த அன்னைக்கு, என் தம்பியை முதல்ல சந்தேகப்பட்டது நான்தான். கூடப் பிறந்தவளே இப்படியான்னு கேட்காதீங்க, கண்ணால பார்த்ததைச் சொல்றேன். மூணாவது மாடி வராந்தாவுல, கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டாத ஓரமா, நான் கல்லு வண்டியைத் தள்ளிக்கிட்டு ஓடுறேன். கலவை இறுகுதுன்னு கேட் பக்கத்துக் கடைசி மூலையிலேர்ந்து மேஸ்திரி தொண்டை கிழியக் கத்துறார். மூணாவது தூண்கிட்ட தம்பி சுவர் கட்டிக்கிட்டு இருக்கான். நான் அவனைத் தாண்டுற அதே நேரம் கீழே அலறல். திரும்பினா, அவன் கை காலியா இருக்கு, ஓரத்துல நின்னு எட்டிப் பார்க்கிறான்.

முந்தின நாள்தான் ரெண்டு பேருக்கும் தகராறு. தம்பி கட்டின புதுச் சுவரை, ஒயர் போடணும்னு எலக்ட்ரீசியன் உடைச்சுட்டார். “உன் தலையில கல்லைப் போடுறேன் பாரு”ன்னு இவன் எல்லார் எதிர்லயும் சொல்லித் தொலைச்சுட்டான். வாய்க்கொழுப்பு, வேற என்ன?

மேஸ்திரி விசாரிச்ச விதத்தைக் கேளுங்க. தூக்குக்குண்டை எடுத்தார். சுவர் நேரா நிக்குதான்னு பார்க்க நூல்ல கட்டித் தொங்கவிடுவோமே, அந்த இரும்புக் குண்டு. தம்பி நின்ன இடத்துலேர்ந்து நூலை மெதுவா இறக்கினார். எலக்ட்ரீசியன் நின்னுக்கிட்டிருந்த இடத்துல, மூணாவது தூணுக்கு நேர் கீழே, குண்டு வந்து தரையைத் தொட்டுச்சு. சுத்தி நின்ன அத்தனை பேரும் தலையை ஆட்டினோம், நான் உட்பட. வாழ்க்கை முழுக்க அந்தக் குண்டை நம்பித்தானே சுவர் எழுப்புறோம்?

தம்பியை நிறுத்திட்டாங்க. இன்ஜினியர் வந்து, எறிஞ்ச கல்லுன்னு அறிக்கை எழுதிட்டா அப்புறம் எந்த சைட்டுலயும் அவனைச் சேர்க்க மாட்டாங்க. அவனுக்குத் தெரிஞ்சது கொத்துவேலை ஒண்ணுதான். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அவன் சட்டையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். காறை எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டுப் படுத்திருந்தார் அந்த மனுஷன். கால்ல விழுடான்னேன். நான் எறியலைக்கான்னு ஒரு தடவை முனகினான். நான் முறைச்சேன். விழுந்தான்.

இன்னொண்ணும் சொல்லிடணும். என் வண்டியிலேர்ந்தும் அன்னைக்கு ஒரு கல்லு சரிஞ்சது. ரெண்டாவது தூண்கிட்ட பலகை தடுக்கி வண்டி குதிச்சப்போ ஒண்ணு நழுவி வெளியே போச்சு. அந்த இடத்துக்கு நேர் கீழே மணல் குவியல். மணல்ல விழுற கல்லால யாருக்கு என்ன ஆகப்போகுது? நான் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. யாரும் கேட்கலை, எனக்கும் சொல்லணும்னு தோணலை.

நாலாம் நாள் இன்ஜினியர் வந்தாங்க. என்னைவிடப் பத்து வயசு சின்னப் பொண்ணு. கை தவறி விழுந்ததுன்னு எழுதுங்க மேடம்னு கெஞ்சப் போனேன். அவங்க எலக்ட்ரீசியன் நின்ன இடத்துல தரையில குந்தி, கல்லு கீறின தடத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. தடம் சுவரை ஒட்டியே கேட் பக்கமா இழுத்திருந்துச்சு. உங்க தம்பி எறிஞ்சிருந்தா சுவரை விட்டு வெளிப்பக்கமா போயிருக்கும், கை தவறியிருந்தா நேரா விழுந்து இப்படி இழுக்காதுன்னாங்க. இது கேட் பக்கமா வேகமாப் போய்க்கிட்டிருந்த எதுலேர்ந்தோ விழுந்த கல்லுன்னாங்க.

எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. அப்ப என் தம்பி இல்லைல்லன்னு மட்டும் கேட்டேன். இல்லைன்னாங்க. அப்பாடா, எனக்கு அங்கேயே ஆடணும் போல இருந்துச்சு.

வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். ஓடுற வண்டியிலேர்ந்து விழுந்தாலும் கல்லு நேர் கீழேதானே விழும், காதுல பூ சுத்தாதீங்கன்னு வாதம் பண்ணினேன். அவங்க கோபப்படலை. கையில ஒரு சாக்பீஸைக் கொடுத்து, வேகமா நடந்துக்கிட்டே அதைக் கீழே விடச் சொன்னாங்க. எனக்குப் பின்னாடி விழும்னு நினைச்சேன். என் கால்கிட்டயே விழுந்துச்சு. இன்னும் வேகமாப் போனேன், அப்பவும் கால்கிட்டயே. ஏழு தடவை பண்ணிப் பார்த்தேன். கூடவே வருது சனியன்.

“நம்ம கையை விட்டதும் நம்ம வேகத்தையும் விட்டுடாதுக்கா. அந்த வேகத்தோடதான் முன்னாடி போகும். பூமி இழுக்குறது தனியா, கீழே மட்டும்.”

பூமி இழுக்க இழுக்கக் கல்லோட வேகம் கூடிக்கிட்டே போகும்னாங்க. நின்ன இடத்துலேர்ந்து விழுந்தாலும் ஓடுற வண்டியிலேர்ந்து விழுந்தாலும், இந்த உயரத்துக்கு ஒன்றரை செகண்ட்கூட ஆகாதாம். எப்படி ரெண்டும் ஒரே நேரம் ஆகும்? முன்னாடியும் போகணும், கீழேயும் வரணும்னா அதுக்குக் கூட நேரம் வேண்டாமா? கேட்டேன், சொன்னாங்க, மறுபடி கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது பிடிபடலை.

ஆனா அடுத்து சொன்னது பிடிபட்டுச்சு. அந்த நேரத்துக்குள்ள ஓடுற ஆள் பன்னிரண்டு அடி போயிருப்பாங்க, அதனால கல்லு சரிஞ்சது பன்னிரண்டு அடி பின்னாடின்னாங்க. “கல்லு கீழே பட்ட நேரம், அந்த ஆள் மேலே மூணாவது தூணைத் தாண்டிக்கிட்டு இருந்திருப்பாங்கக்கா.”

தூணுக்குத் தூண் பன்னிரண்டு அடி. நானே தினம் அளக்குற தூரம். மணல் குவியலை ஓடிப்போய்க் கிளறினேன். ஒரு துண்டுக் கல்லுகூட இல்லை. அன்னைக்கே பார்த்திருக்கலாமே பாவி. மேடத்துக்கிட்ட ஒண்ணும் சொல்லாம, சோத்து நேரத்துலயே வீட்டுக்கு வந்துட்டேன்.

தம்பி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். உட்கார வச்சு, நீ இல்லைடா, இன்ஜினியரே சொல்லிட்டாங்கன்னேன்.

“நான் இல்லையா?”

இல்லைடான்னேன். திரும்பவும் அதையே கேட்டான். அப்புறம்தான் அழுதான். நாலு நாளா யோசிச்சு யோசிச்சு, நாமதான் காலால தட்டிவிட்டிருப்போமோ, வாயில சொன்னது நமக்கே தெரியாம நடந்துடுச்சோன்னு அவனே நம்ப ஆரம்பிச்சுட்டானாம். அக்கா நீயே கால்ல விழச் சொன்னதுக்கப்புறம் வேற எதை நம்புறதுன்னான்.

அப்ப யாருன்னு அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்.

“என் வண்டிக் கல்லுடா அது. நான்தான்.”

என்னையே பார்த்தான். யார்கிட்டயாவது சொன்னியான்னு கேட்டான். இல்லைன்னேன்.

“சொல்லாதே. நான்தான் ஏற்கெனவே விழுந்தாச்சே. எதுக்கு ரெண்டு பேர் கால்ல விழணும்?”

அறையலாம்னு கை வந்துச்சு, கட்டிக்கலாம்னும் வந்துச்சு. ரெண்டும் பண்ணாம போனை எடுத்து மேஸ்திரி நம்பரைப் போட்டேன். அவன் பிடுங்க வந்தான். பிடிச்சுத் தள்ளிட்டேன். என்னம்மா, பாதி வேலையில எங்க போனேன்னு மேஸ்திரி கத்தினார். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, ரெண்டாவது தூண்கிட்ட ஒரு பலகை கிடந்துச்சு மேஸ்திரின்னு ஆரம்பிச்சேன்.