கொரில்லாவுக்குப் பொன்னாடை

ஆவுடையார்கோவில் பக்கத்தில் இருக்கும் ஒரு கலைக் கல்லூரியின் தாளாளர் மலையாண்டி. அவர் பெயருக்கு முன்னால் ‘கல்விக் காவலர்’ என்று போட வேண்டும் என்பது கல்லூரி ஆண்டு மலரின் விதி. ஆண்டு மலருக்கு ஆசிரியரும் அவரே.

கல்லூரி எங்கே போனாலும் அங்கே ஒரு பொன்னாடை உண்டு. ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கு ஜூஸ் கொடுத்தார்கள். கொடுக்காத தாளாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆகவே விலங்கியல் துறை, கர்நாடகத்து மிருகக்காட்சி சாலை ஒன்றுக்குச் சுற்றுலா கிளம்பியபோது, வேனில் முதலில் ஏறியது தாளாளரின் தோல் பைதான்.

இளமதிக்கு அது சுற்றுலா அல்ல. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் கட்டுமாவடிப் பெண் அவள். அந்த மிருகக்காட்சி சாலையில் ஆறு மாதப் பயிற்சிக்குக் கல்லூரிக்கு ஒருவரை எடுப்பதாக அறிவித்திருந்தார்கள். அதற்கு, ஒரு விலங்கை ஒரு நாள் முழுக்கக் கவனித்து எழுதிய குறிப்பேடு வேண்டும். அதன் அடியில் தாளாளரின் கையெழுத்து வேண்டும். இரண்டாவதைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. கவனிப்பது அவளுக்குக் கைவந்த கலை. கட்டுமாவடி மீன் ஏலத்தில் வாய் ஒரு விலை சொல்லும், விரல் இன்னொரு விலை சொல்லும். அவள் விரலைப் பார்த்து வளர்ந்தவள்.

காலை ஒன்பது மணிக்கே கொரில்லாக் கூடத்தின் கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இரண்டு குட்டிகள். அக்கா மோனிக்கு ஆறு வயது, தம்பி டிங்குவுக்கு நாலு.

“வேடிக்கை பாக்குறதுல இது ரெண்டும் மனுசனத் தோக்கடிச்சிரும்மா. நீங்க இதுகளப் பாக்க வந்திருக்கீங்க. இதுக உங்களப் பாக்க வந்திருக்குதுக” என்றார் பராமரிப்பாளர் ஆரோக்கியதாஸ். கோலார் பக்கத்துத் தமிழர்.

அவர் சிறு துளை போட்ட பெட்டி ஒன்றில் நிலக்கடலை போட்டு உள்ளே வைத்தார். மோனி விரலை விட்டுப் பார்த்தது. எட்டவில்லை. ஒரு குச்சியை ஒடித்து இலைகளை உருவியது. குச்சி தடிமன். நுனியைக் கடித்துக் கடித்து மெலிதாக்கி, துளைக்குள் விட்டுக் கடலையை உருட்டி வெளியே கொண்டுவந்தது. அதுவரை மோவாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த டிங்கு, விழுந்த கடலையை எடுத்துத் தின்றது. இளமதி எழுதினாள்: ‘மோனி கருவி செய்தது. டிங்கு, கருவி செய்தவளைப் பயன்படுத்தியது.’

அவள் பேனா எடுக்கப் பையின் ஜிப்பைத் திறந்தபோது டிங்கு கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியது. மூடினாள். கண்ணாடியைத் தட்டியது. திறந்தாள். ஒன்பது தடவை இப்படி நடந்தபின், டிங்கு மல்லாந்து படுத்துத் தன் வயிற்றில் ஜிப் எங்கே இருக்கிறதென்று வெகுநேரம் தேடியது.

பதினோரு மணிக்குத் தாளாளர் வந்தார். முன்னால் பேனர், பக்கத்தில் கல்லூரிக் கண்காணிப்பாளர் திருப்பதி, பின்னால் பிள்ளைகள்.

“கொரில்லா பின்னாடி தெரியணும். நான் முன்னாடி தெரியணும்” என்று போட்டோ எடுப்பவனிடம் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

துறைத் தலைவி சுகுணா மெல்லச் சொன்னார்: “சார், இளமதி குறிப்பு எடுத்துக்கிட்டிருக்கா. ஒரு அரை மணி நேரம் பொறுத்தோம்னா…”

“எடுக்கட்டும்மா, யாரு வேணாங்குறது? நம்ம விழாவையும் சேத்து எழுதிக்கட்டும்.”

இளமதி சேர்த்து எழுதிக்கொண்டாள்.

முன்னால் நின்றவர்கள் பார்த்தது இது: திருப்பதி திடீரென்று ஒரு பொன்னாடையோடு தோன்றினார். தாளாளர் திடுக்கிட்டார். “எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்” என்று இடமும் வலமும் திரும்பி நெஞ்சில் கை வைத்தார். பிறகு, வேறு வழியில்லாமல், தலையைக் குனிந்தார். கைதட்டல்.

கண்ணாடிப் பக்கம் இருந்த மூவர் மட்டும் அதற்கு முந்தியதையும் பார்த்தார்கள். தாளாளர் முன்னால் சிரித்துக்கொண்டே, பின்னால் கையை விட்டு, தோளில் தொங்கிய தன் தோல் பையிலிருந்து பொன்னாடையை உருவி, திரும்பிப் பார்க்காமல் திருப்பதி கையில் திணித்தார். அந்த மூவரில் இருவர் கொரில்லாக்கள்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இளமதி போகவில்லை. பதினொன்று நாற்பதுக்கு டிங்கு மூலையில் கிடந்த சாக்கை இழுத்து வந்தது. மோனிக்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமல், சாக்கைப் பின்னால் நீட்டியது. மோனி வாங்கித் தலையில் போட்டது. டிங்கு அதைத் தோளுக்கு இறக்கிவிட்டு, நெஞ்சில் ஒரு கை வைத்து, தலையைக் குனிந்தது. அப்புறம் போட்டோ எடுக்க யாராவது இருக்கிறார்களா என்பதுபோல இளமதியைப் பார்த்தது.

அவள் எடுத்தாள்.

திங்கட்கிழமை குறிப்பேடு தாளாளரின் மேசையில் இருந்தது.

“பதினோரு மணிக்குன்னு போட்டு, இது என்ன மொத வரி?” என்று அவர் சத்தமாகப் படித்தார். “‘தாளாளர் தம் பையிலிருந்து பொன்னாடையை எடுத்து, பின்பக்கமாகத் திருப்பதி அவர்களிடம் கொடுத்தார்.’”

“நடந்துச்சுங்க சார்.”

“நடந்ததையெல்லாம் எழுதுனா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லம்மா, கோள்.”

“நீங்கதான் சார் விழாவையும் சேத்து எழுதச் சொன்னீங்க.”

“விழாங்குறது முன்னாடி நடக்குறது. இத அடிச்சுட்டுக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்.”

பக்கத்தில் நின்ற திருப்பதி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். இளமதி கணக்குப் போட்டாள். அந்த வரியை அடித்தால் குறிப்பேடு செத்தது. ‘எதைப் பார்த்து இப்படிச் செய்தது?’ என்பதுதான் மிருகக்காட்சி சாலையில் கேட்கப்போகும் முதல் கேள்வி. அடிக்காவிட்டால் கையெழுத்து இல்லை.

அவள் தாளாளரின் வாயை விட்டுவிட்டு விரலைப் பார்த்தாள். விரல் முதல் வரியில் இல்லை. மூன்றாம் பக்கத்தில், ‘தாளாளரைப் போலவே நெஞ்சில் கை வைத்தது’ என்ற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. போய்விட்டு மறுபடி அங்கேயே வந்தது.

“அடிச்சிரலாங்க சார்” என்றாள். “ஆனா அடிச்சுட்டா, டிங்கு யாரப் பாத்துக் கத்துக்கிச்சுன்னு இல்லாமப் போயிரும். அதுவா யோசிச்சுச் செஞ்சதா ஆயிரும். பேரு பூராம் டிங்குவுக்குப் போயிரும்.”

மலையாண்டி கண்ணாடியைக் கழற்றினார்.

“அடிக்கலன்னா?”

“ஒங்களப் பாத்துக் கத்துக்கிச்சுங்க சார். மொதல்லருந்து கடைசி வரைக்கும், ஒண்ணு விடாம. கொரில்லா பொன்னாடை போத்துனதா நான் எங்கிட்டும் படிச்சதில்ல.”

திருப்பதி மின்விசிறியிலிருந்து இறங்கி வந்தார். “அப்ப கொரில்லாவுக்கே வாத்தியாருன்னா, ஒலகத்துலயே நம்ம சார் ஒருத்தர்தானா?”

மலையாண்டி முதல் வரியை மறுபடி படித்தார்.

“‘பையிலிருந்து’ன்னு மொட்டையாப் போட்டிருக்க. ‘தோல் பை’ன்னு போடு. மஞ்சப் பைன்னு நெனச்சுரப் போறாங்க.”

கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து, இளமதி பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று, ஆவுடையார்கோவில் பேருந்து நிறுத்தத்தில் புது பிளக்ஸ் ஒன்று நின்றது. ‘கொரில்லாக்களுக்கும் வழிகாட்டிய கல்விக் காவலரே!’ என்று எழுதி, தாளாளரையும் டிங்குவையும் ஒரே அளவில் போட்டிருந்தார்கள். இருவரும் நெஞ்சில் கை வைத்திருந்தார்கள். அவளுடைய சான்றிதழ்களைக் கொடுக்க வந்த திருப்பதி அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“பாத்துப் போயிட்டு வா ஆத்தா. சாப்பாடு அங்கிட்டு ஒத்துக்கலன்னா போன் பண்ணு.”

அவள் செல்போனில் ஆரோக்கியதாஸ் அனுப்பிய புது வீடியோ வந்து விழுந்தது. இருவரும் பார்த்தார்கள். டிங்கு முதுகைக் காட்டி நின்று சாக்கைப் பின்னால் நீட்டுகிறது. மோனி வாங்குகிறது. கொஞ்சம் யோசிக்கிறது. பிறகு சாக்கைத் தானே தன் தோளில் போர்த்திக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, நிதானமாகத் தலையைக் குனிகிறது. டிங்கு நீட்டிய கையோடு நிற்கிறது.

“பொம்பளப் புள்ள, சூட்டிப்பு. நடுவுல ஆளே வேணாம்னு கண்டுபிடிச்சிருச்சு” என்றாள் இளமதி.

திருப்பதி சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“இத மட்டும் சாருக்கு அனுப்பிராத ஆத்தா” என்றார். “எனக்கு வேல போயிரும்.”