மாட்டுவண்டியில் ஓர் இடம் காலி

காரைக்காலில் உத்திராபதியின் சினிமாக் கதையைக் கேட்காமல் தப்பித்தவர் கிடையாது. கண்டக்டராக இருந்த காலத்தில் டிக்கெட்டோடு அதையும் கிழித்துக் கொடுத்தவர். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவந்த கப்பலொன்று அதைக் கேட்டுவிட்டுத்தான் சரக்கை இறக்காமலே திரும்பியதாம்.

நாடகக் கோஷ்டி ஒன்று பேர் வாங்கப் பட்டணம் போகிற, பாட்டும் சிரிப்புமான கறுப்பு வெள்ளைப் படம். திருநள்ளாறு வயல்களில் எடுத்தார்கள். வாலிபர் உத்திராபதிக்கு மிருதங்கக்காரன் வேஷம். வேஷத்துக்கும் சொந்தப் பேர்தான். புதுசாக யோசிக்க டைரக்டருக்குச் சோம்பல். நாடக வாத்தியார் கூப்பிட்டதும், "வந்துட்டேண்ணே" என்று ஓடிப்போய் வண்டியேற வேண்டும். அவ்வளவே வசனம். அதையும் வெட்டிவிட்டார்கள் என்றது ஊர். படமே ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போய்விட்டதால் அவரும் பார்த்ததில்லை. கண்மூடுவதற்குள் மனைவி கமலாம்பாளுக்குப் படத்தில் தன் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை.

பக்கத்து வீட்டு மீரா சாகிப் படத்தை எங்கோ போனில் பிடித்து, ஒருநாள் உச்சிவேளையில் உத்திராபதி வீட்டு டிவியில் போட்டார். அடுப்படியில் கமலாம்பாள் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

வண்டிக் காட்சி வந்தது. கோஷ்டி ஏறியாயிற்று. வாத்தியார் கூப்பிட்டார்: "உத்திராபதி!"

யாரும் ஓடிவரவில்லை. பாட்டு தொடங்கவில்லை. மாடுகள்கூட வாலாட்டவில்லை.

வாத்தியார் கையை நெற்றியில் வைத்து, வயலைப் பார்க்காமல், நேரே உத்திராபதி உட்கார்ந்திருந்த சோபாவைப் பார்த்தார். மறுபடி கூப்பிட்டார்.

மீரா சாகிப் உத்திராபதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறுங்க. உச்சிவேளையில பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணாவது தடவைக்குத்தான் குரல் கொடுக்கணும். உங்க ஆளுங்க சொல்றதுதானே?"

பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. இது உத்திராபதிக்கும் தெரியும்.

"வரலேன்னா வேற ஆளைப் போட்டுக்குவோம்ப்பா," என்றார் வாத்தியார்.

ஐம்பது வருஷமாகக் காத்திருந்த மனுஷனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

"வந்துட்டேண்ணே!"

வண்டி குலுங்கியது. மடியில் மிருதங்கம். வைக்கோல் வெள்ளை, வானம் சாம்பல், அவர் கையும் சாம்பல். கோஷ்டி முழுக்கச் சிரித்து இடம் விட்டது. அவர்கள் தோள்களில் சூடே இல்லை. தூரத்தில் தீப்பெட்டி அளவு வெளிச்சத்துக்குள் மீரா சாகிப் காலி சோபாவைத் தடவிக்கொண்டிருந்தார். கரண்டியும் கையுமாகக் கமலாம்பாள் வந்து நின்றாள்.

"என்னங்க... சாப்பிட வாங்க."

அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். இதோ இருக்கிறேன், என் முகத்தைப் பார் கமலா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவருக்கு எழுதிக்கொடுத்த வசனம் ஒன்றுதானே.

"வந்துட்டேண்ணே," என்றார்.

பாட்டு தொடங்கியது.