பனியில் வந்த ராணி

ஸஃபேத் மலையில் வெள்ளிக்கிழமை மாலை. கடவுளிடமிருந்து இறங்கும் பத்து ஒளிகளில் கடைசியானவள், நிலவைப்போல் தனக்கென்று ஒளியில்லாதவள், யூதர்களான எங்கள் ஓய்வுநாளின் ராணி. அவளைப் பாடி வரவேற்க என் கணவர் பர்சிலாய் கூட்டாளிகளோடு வெள்ளையுடுத்தி வயலுக்குப் போனார். வீட்டில் விளக்கேற்றிவிட்டு நானும் முகம்வரை இழுத்துவிட்ட வெள்ளை முக்காட்டோடு அங்கேதான் போனேன், பாழாய்ப்போன ஆட்டைத் தேடி.

பனிமூட்டத்திலிருந்து நான் வெளிப்பட்டதும் பாட்டு நின்றது. எல்லோரும் தலை வணங்கினார்கள். அவர் அழுதார். கனவில் நடப்பவள்போல் பேசாமல் கடந்து வந்துவிட்டேன்.

வீடு திரும்பியவருக்கு மீன் பரிமாறினேன்.

"லூனா, இன்னிக்கு அவ வந்தாடி!"

"அப்படியா? மூஞ்சியப் பாத்தீங்களா?"

"முக்காடு போட்டிருந்தா. ஆனா மறுபடி எங்க பாத்தாலும் சட்டுனு கண்டுபிடிச்சிருவேன்" என்றார், தட்டிலிருந்து தலை நிமிராமல்.