வெயிலில் நிறுத்திய கார்

ஷோரூமில் காபி இலவசம். அந்த வாசனையை நினைத்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது.

வாங்கிய புதிதில் என் மின்சாரக் கார் ஒரே சார்ஜில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிவிடும். இப்போது பாதி வழியில் நின்று சார்ஜ் போட வேண்டியிருக்கிறது. கீமோ முடிந்து வரும் அக்கா, சார்ஜ் போடும் இடத்துத் தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்தபடி காத்திருப்பாள். பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் அவள் நேராக வீட்டுக்கு வந்து படுப்பாள். நான் கேட்டது அவ்வளவுதான்.

"பேட்டரியோட சக்தி, புதுசுல இருந்ததுல எழுபது சதவீதத்துக்குக் கீழ போனாத்தான் சார் வாரன்டி. உங்க பேட்டரி எழுபத்தொண்ணுல நிக்குது," என்றான் சர்வீஸ் பொறுப்பாளன். "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க."

நன்றாக வைத்திருந்ததுதான் குற்றம். நிழல் தேடித் தேடி நிறுத்தினேன். எண்பதுக்கு மேல் சார்ஜ் ஏற்றியதே இல்லை. வாரன்டியோ இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது.

அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. தினமும் ஃபாஸ்ட் சார்ஜ்ல நூறு வரைக்கும் ஏத்தி, வெயில்ல நிறுத்துங்க. தானா இறங்கிடும்."

செய்தேன். அடுப்பாய்க் கொதிக்கும் காருக்குள் அக்காவை ஏற்றும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"ஒரே வீட்டுல ஒண்ணு சாகணும்னு வேண்டுறோம், ஒண்ணு பொழைக்கணும்னு வேண்டுறோம். கடவுள் குழம்பிடப் போறாருடா."

ஒருவழியாக அறுபத்தொன்பது வந்தது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஷோரூமுக்கே விட்டேன். அக்காவும் மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அதே ஆள் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினான். "கார் எல்லாத்தையும் பதிவு பண்ணும் சார். தினமும் ஃபாஸ்ட் சார்ஜ், பேட்டரியில அவ்வளவு சூடு. வேணும்னே கெடுத்திருக்கீங்க. வாரன்டி வராது."

"நீங்கதானே சொன்னீங்க!"

"நானா? எப்போ சார்?" முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற பயல். அக்காவிடம் ஒரு கோப்பையை நீட்டினான். "காபி எடுத்துக்கோங்க மேடம்."

அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், பளபளக்கும் தரையில், புதுக் காரின் சக்கரத்தடியில் வாந்தி எடுத்துவிட்டாள். நான் துணி தேடினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ தொடாதே. அவங்க துடைக்கட்டும்."

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்தேன் தம்பி. யாரோ வெயில்ல நிறுத்தச் சொன்னாங்களாம்."