மயிலாளுக்கு ஊட்டிய கால்சியம்

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. 2006இல் நல்லூரில் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்த மயிலாள், கழுத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னது. ‘மயிலாள் சாதுவான பெண்’ என்று தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டேன். சாது என்று எழுதினால் அவளுக்கு நடந்ததெல்லாம் இயல்பாகத் தோன்றிவிடும்.

2
பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். தைத்து வரும் துணியில் ஓட்டையும் கறையும் தேடும் வேலை. அந்த வருடம் அவளுக்கு அடங்காத தாகம். குடம் குடமாகக் குடித்தாள், ஓயாமல் கழிவறைக்கு ஓடினாள். எலும்பெல்லாம் குடைந்தது.

“ஏனுங்க்கா, சம்பளம் பாத்ரூம் போறதுக்கா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டான் சூப்பர்வைசர் தங்கதுரை.

(அவனுக்கும் மேலிடத்து நெருக்கடி என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். சேர்க்கப்போவதில்லை.)

3
வீதிமுனை டாக்டர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இந்த வயசுப் பொம்பளைங்களுக்கு வர்றதுதான். கால்சியம் கம்மி.” ரத்தம் பார்க்காமலே மாத்திரை எழுதினார். கணவன் பெருமாள்சாமி காலையும் மாலையும் பாலோடு தன் கையால் ஊட்டினான். “முழுங்கு மயிலு, செரியாப் போயிரும்.”

வாந்தி நிற்கவில்லை. பேச்சு குழறியது. ஒருநாள் அவனையே யாரென்று கேட்டாள். “மனநோய். வேற எடம் பாருங்க” என்றார் டாக்டர்.

படித்த ஒரு மனிதர், எதிரே உட்கார்ந்திருப்பவள் சொல்வதை — வேண்டாம், வசவாகப் போகிறது.

4
கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளுக்கு நினைவில்லை. டாக்டரம்மா ஒருவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கால்சியம் கம்மியில்லை, இதயத்தையே நிறுத்துகிற அளவுக்கு ஏறிக் கிடந்தது. கழுத்தில் பாராதைராய்டு என்ற சிறிய சுரப்பியில் மொச்சைக்கொட்டை அளவு கட்டி. அதுதான் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

“இதுக்கு மேல கால்சியம் மாத்திரை வேறயா! யாரு குடுத்தது?”

“நாந்தானுங்க” என்று தலையில் அடித்துக்கொண்டான் பெருமாள்சாமி. எழுதிக் கொடுத்தவர் பெயர் அவன் வாயில் வரவே இல்லை.

ஊசிமருந்து ஏற்றி, கால்சியத்தை இறக்கி, கட்டியை எடுத்தார்கள். மயிலாள் பிழைத்தாள்.

5
முடிவு ஒன்று: வீதிமுனை டாக்டர் மன்னிப்புக் கேட்கிறார். (எந்த ஊரில்?)

முடிவு இரண்டு: மயிலாள் மாத்திரை டப்பாவை அவர் முகத்தில் வீசுகிறாள். (இது என் ஆசை.)

நடந்தது: அவள் போய், வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். “பொழைச்சுட்டீங்கல்ல, அப்புறமென்ன?” என்று அவர் அடுத்த ஆளுக்கு மணியடித்தார்.

அதையும் அவள் மன்னித்துவிட்டதாக ஒரு வரி சேர்த்துப் படித்துக் காட்டினேன். மயிலாள் எழுந்துவிட்டாள்.

“அந்த வரிய எடுத்துப்போடுங்க. நான் எப்பங்க மன்னிச்சேன்?”

எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. நீங்களும் எதையாவது போட்டு நிரப்பிவிடாதீர்கள்.