செவலைக் காளைக்குச் சர்க்கார் பென்ஷன்

நாற்பத்தோரு ரூபாய் ஆறணா. மலையம்மாள் பாண்டியம்மாளுக்குத் தர வேண்டிய கடன் அது. முதல் முப்பது, மிச்சம் வட்டி. உழவு மாடு ஒன்று கோமாரியில் செத்த வருஷம் வாங்கியது.

கடனைக்கூட மலையம்மாள் பொறுத்துக்கொள்வாள். பாண்டியம்மாள் அதைக் கேட்கிற விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் ஒருநாளும் கடுத்துக் கேட்டதில்லை.

"மெதுவாக் குடுங்க மதினி. எங்களுக்கென்ன, மாசம் பொறந்தா சர்க்கார் பணம் வந்துருது" என்பாள், கிணற்றடியில், நாலு பேர் காதில் விழும்படி. சொல்லும்போது தலை ஆடும். தலையோடு காதில் தண்டட்டி ஆடும்.

பொட்டிப்புரத்திலிருந்து ஜெர்மன் சண்டைக்குப் போனவர்கள் இரண்டு பேர். மலையம்மாளின் புருஷன் தவசி ஒருவன். பாண்டியம்மாளின் புருஷன் ஒச்சாண்டி இன்னொருவன். ஒச்சாண்டி மலையம்மாளுக்குச் சித்தப்பா மகன், தம்பி. இரண்டு பேரும் ஒரே நாளில் பெரியகுளத்தில் பெயர் கொடுத்து, ஒரே கப்பலில் பஸ்ராவுக்குப் போய், பாலம் கட்டுகிற பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் கிடந்தவர்கள். துருக்கிக்காரன் குண்டு வெடித்துச் சிதறிய சில்லு தவசியின் இடது தொடையில் பாய்ந்தது. நொண்டிக்கொண்டு வந்தான். ஒச்சாண்டி விஷக்காய்ச்சலில் விழுந்து, நெஞ்சுச் சளியோடு வந்தான்.

வந்த மறு வருஷம் ஒச்சாண்டிக்கு மாதம் ஐந்து ரூபாய் பென்ஷன் உத்தரவானது. தவசிக்கு ஒன்றுமில்லை. ஊர் ஒச்சாண்டியைப் 'பட்டாளத்தார்' என்றது. தவசியை 'நொண்டித் தவசி' என்றது. இது பதினாலு வருஷமாக நடக்கிறது.

பென்ஷன் வந்த மறுநாள் அந்த வீட்டில் காப்பிக்கொட்டை வறுபடும். வாசனை சுவர் தாண்டி வரும். மலையம்மாள் அன்றைக்குப் பார்த்து வேண்டுமென்றே கருவாடு சுடுவாள்.

தவசி இரண்டு தடவை மனுப் போட்டான். இரண்டும் திரும்பி வந்தன. "காலு போனது போச்சு. காயிதத்துக்குப் பின்னால அலைஞ்சு மிச்சக் காலும் தேயணுமா?" என்று விட்டுவிட்டான். மூன்றாவது மனு மலையம்மாள் போட்டது, நாலு கோழி விற்ற காசில். அதற்கும் பதில் வந்தது. இந்த முறை புருஷனை அனுப்பாமல் அவளே கூடப் புறப்பட்டுப் போடிக்கு நடந்தாள், மனு எழுதுகிற சண்முகராஜிடம்.

சண்முகராஜ் காகிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்தார். "முடியாதுன்னு எழுதியிருக்காக, ஆத்தா."

"முடியாதுங்கிற ஒத்தச் சொல்லுக்கா இம்புட்டு வரி? முழுசா வாசிங்கய்யா. நாலு கோழி குடுத்திருக்கேன்."

அவர் சிரித்துவிட்டு விரித்து வாசித்தார். இந்த ஆள் பட்டாளத்தில் சேரும்போதே இடது தொடையில் மாட்டுக் கொம்பு கிழித்த தழும்பு இருந்ததாக அங்க அடையாளப் பதிவில் காண்கிறது, ஆகையால் இதைச் சண்டையில் பட்ட காயமென்று ஏற்பதற்கில்லை என்று இருந்தது.

"மாட்டுக் கொம்பா?" மலையம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "மாடு மொறைச்சா மரத்துல ஏர்ற மனுசனாச்சே இவுக! இவுகளையா மாடு குத்துச்சு?"

கேட்ட வாய் மூடவில்லை. யாரை மாடு குத்தியது என்று அவளுக்குத் தெரியும். அது அவள் அப்பன் வளர்த்த செவலைக் காளை. சல்லிக்கட்டு முடிந்து பிடித்துக்கொண்டு வரும் வழியில் மிரண்டு, கயிறு பிடித்திருந்த ஒச்சாண்டியின் தொடையைக் கிழித்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அந்தப் புண்ணில் அப்பியது இவள் கைதான்.

"ஏங்க, பெரியகுளத்துல ஒங்க ரெண்டு பேரையும் எப்படி நிப்பாட்டுனாக? அதைச் சொல்லுங்க மொதல்ல."

தவசி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தான். "கோவணத்தோட வரிசையா நிப்பாட்டுனாக. ஒச்சாண்டி பேரைத்தான் முந்திக் கூப்பிட்டாக. அவன், 'மாமா இருக்கையில நான் எப்படி முன்னால போறது, நீங்க போங்க மாமா'ன்டான். மரியாதப்பட்ட பய. நான் போனேன். டாக்டர் தட்டிப் பாத்தாரு, ரைட்டர் எழுதுனாரு. பெறகு அவன் வந்தான்."

"ஒங்க பேரு என்னன்னு கேட்டாகளா?"

"அதான் கூப்பிட்டாச்சே. பெறகென்னத்தக் கேக்க?"

சண்முகராஜ் பேனாவைக் கீழே வைத்தார். ஒச்சாண்டிக்கு வருஷா வருஷம் உயிரோடிருக்கும் சான்று எழுதிக் கொடுப்பவர் அவர்தான். பென்ஷன் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். "இடது தொடைக் காயத்துக்குன்னுதான் அவரு புஸ்தகத்துல இருக்கு. சரிதான் ஆத்தா! ஆளு மாறிப்போச்சு, அவரு பேருல ஒங்க வீட்டுக்காரர் தொடையைப் பாத்து எழுதிட்டாக. அவரு காயிதத்துல தழும்பே இல்லன்னு எழுதியாச்சு. திரும்பி வரையில தழும்போட வந்தா, சண்டையில பட்டதுன்னுதான் நெனப்பாக. ஒங்க வீட்டுக்காரர் காயிதத்துல அந்தத் தழும்பு மொதல்லயே ஏறிப்போச்சு. வர்ற மாசம் பட்டாளத்துப் பென்ஷன் தொரை பெரியகுளத்துக்கு வர்றாரு. ரெண்டு பேரும் போய்த் தொடையைக் காட்டுனா திருத்திருவாக. ஆனா…"

"ஆனா?"

"ஒச்சாண்டி பென்ஷன் நின்னுபோகும்."

நமக்கு வரும் என்று கேட்டபோது வராத குளிர்ச்சி, பாண்டியம்மாளுக்கு நிற்கும் என்று கேட்டதும் மலையம்மாளின் வயிற்றில் இறங்கியது. மோர் குடித்தது போல இருந்தது.

"வேணாம் புள்ள. ஒன் தம்பி வயித்துல அடிக்கவா?" என்றான் தவசி.

"எந்தம்பி, எனக்கில்லாத வலி ஒங்களுக்கெதுக்கு? எந்திரிங்க."

ஊருக்குள் வந்ததும் அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஒச்சாண்டி வீட்டுக்குள் நுழைந்தாள். வழியெல்லாம் பேச்சைக் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒச்சாண்டி மறுப்பான், இப்படி மடக்கலாம். பாண்டியம்மாள் எகிறுவாள், அப்படிக் கேட்கலாம் என்று எல்லாம் கோத்தாயிற்று. நின்றபடியே விஷயத்தைக் கொட்டினாள்.

 ஒச்சாண்டி சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகியது.

"அட, செவலையனுக்கா! பதினாலு வருசமா சர்க்கார் அந்தக் காளைக்கில்ல சம்பளம் குடுத்திருக்கு! பெரியப்பா இன்னைக்கு இருந்திருந்தாகன்னா பங்கு கேட்டிருப்பாக அக்கா!"

பாண்டியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்ன இளிப்பு வேண்டிக் கெடக்கு? மதினி, வயித்தெரிச்சல்ல எங்க சோத்துல மண்ணப் போட வந்தீகளாக்கும்?"

"வயித்தெரிச்சல்தான்டி. பதினாலு வருசமா எரியுது. எரிஞ்சா என்ன? தொடை யாரு தொடை, அதைச் சொல்லு."

"இவுக பெரியகுளத்துக்குப் போனா எம் பொணத்தத் தாண்டித்தான் போகணும்!"

"சும்மா இருடி" என்றான் ஒச்சாண்டி. சிரிப்பு அடங்கிவிட்டது. "நெஞ்சுச் சளிக்குப் பணம் குடுக்காகன்னுல்ல நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். மாமா தொடையில ரத்தம் கொட்டையில வேட்டியக் கிழிச்சுக் கட்டுனவன் நானு. எனக்குத் தெரியாதா? வர்றேன் அக்கா. என்னைக்குன்னு சொல்லு."

கோத்து வைத்த பேச்செல்லாம் மலையம்மாளிடமே நின்றுவிட்டது. சண்டைக்கு வந்தவள் சாமி கும்பிட்டவள் மாதிரி திரும்பினாள்.

போடியில் ரயிலேறித் தேனியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் பெரியகுளம் போனார்கள். பாண்டியம்மாள் பிணமாகவும் கிடக்கவில்லை, வழியனுப்பவும் வரவில்லை. தாலுகா கச்சேரியில் வெள்ளைக்காரத் துரை ஒருவரும், டாக்டரும், தமிழில் கேட்டுச் சொல்ல ஒரு குமாஸ்தாவும் இருந்தார்கள். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி வேட்டியை ஒதுக்கச் சொன்னார்கள். ஒச்சாண்டியின் தொடையில் முழங்காலுக்கு மேலிருந்து ஏறிப்போன நீளக் கிழிசல். தவசியின் தொடையில் ஒரு குழி, சுற்றிலும் சுருங்கிய தோல். டாக்டர் குழியின் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினார். உள்ளே கெட்டியாக ஒன்று நழுவியது. இன்னொரு தடவை அழுத்திவிட்டுத் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"அந்தக் காளை யாருது?" என்று குமாஸ்தா கேட்டார்.

"எங்கப்பாருது சாமி. குத்துன அன்னைக்கு மருந்து போட்டது நானு. சத்தியமாச் சொல்றேன், இவன் தொடைதான் அது."

துரை சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். தவசியின் பதிவிலிருந்து மாட்டுக் கொம்புத் தழும்பு அடிக்கப்பட்டது. அந்த இடத்தில் போர்க்களத்தில் பட்ட குண்டுச் சில்லுக் காயம் என்று ஏறியது. இந்த மாதத்திலிருந்து ஐந்து ரூபாய். ஒச்சாண்டிக்கு இந்த மாதத்தோடு நிறுத்தம். பழைய பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை, பிசகு எங்கள் எழுத்தில்தான் என்று துரை சொன்னதாகக் குமாஸ்தா சொன்னார். பிறகு துரை எழுந்து கை கொடுத்தார். தவசிக்கு அல்ல, ஒச்சாண்டிக்கு.

அங்கே ஆரம்பித்தது. பஸ்ஸில் ஒருவன் கேள்விப்பட்டு ஒச்சாண்டிக்கு இடம் விட்டான். தேனி ஸ்டேஷனில் ஒருவன் டீ வாங்கிக் கொடுத்தான். இவர்கள் வருவதற்குள் பேச்சு ஊருக்கு வந்துவிட்டது. "தானா போய்த் தொடையைக் காட்டிப் பென்ஷனை வேண்டாம்னு வந்திருக்காருய்யா. மனுசன்னா அவருதான்." தவசியின் தொடையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. சில்லு இருந்தது, இருந்தது சரி, அதிலென்ன? பட்டாளத்தார் பட்டாளத்தாராகவே இருந்தார். நொண்டித் தவசிக்குப் பென்ஷன் வந்தது, அவ்வளவுதான்.

பாண்டியம்மாளும் இரண்டு நாள் அழுது முடித்து, மூன்றாம் நாள் கிணற்றடிக்கு வந்தபோது தெளிந்திருந்தாள்.

"எங்க வீட்டு மனுசன் அப்படி. அடுத்தவக காசு ஒட்டாது" என்று தலையை ஆட்டினாள். தண்டட்டி ஆடியது. பிறகு குரலை உயர்த்தினாள். "மதினி, அந்த நாப்பத்தோரு ரூவாய விட்டுருங்க. ஒங்க பணத்தத்தான இத்தன நாளா நாங்க தின்னுருக்கோம். கழிச்சாச்சுன்னு வச்சுக்குங்க."

"ஆத்தீ, என்னா மனசு!" என்றார்கள் பெண்கள்.

பதினாலு வருஷத்தில் எரியாத எரிச்சல் அன்றைக்கு எரிந்தது. கடன் கொடுத்தாலும் அவள் கை மேலே, விட்டுக் கொடுத்தாலும் அவள் கை மேலே! மலையம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் மாத ஐந்து ரூபாயை அவள் அடுக்குப் பானைக்குள் போட்டாள். இரண்டாம் மாதமும் போட்டாள். தவசி ஒரு சட்டை கேட்டான். இல்லை என்றாள்.

"அதான் அவளே விட்டுட்டாளே, புள்ள. இது வெறும் வயித்தெரிச்சலு."

"ஆமா."

நாலாம் மாதம் பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வாசனை வரவில்லை. ஐந்தாம் மாதமும் வரவில்லை. மலையம்மாள் அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். ஒச்சாண்டியின் இருமல் மட்டும் சுவர் தாண்டி வந்தது. அதைக் கேட்டால் சாப்பாடு இறங்காது என்று வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். ஏழாம் மாதம் பாண்டியம்மாள் அடுத்தவர் பருத்திக் காட்டுக்குக் கூலிக்கு வந்தாள். இரண்டு பேரும் ஒரே பத்தியில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துப் பருத்தி எடுத்தார்கள்.

ஒன்பதாம் மாதப் பணம் வந்த மறுநாள் காலை, கிணற்றடியில் கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்து மலையம்மாள் போனாள். முந்தானையை அவிழ்த்துப் பணத்தைத் துவைகல்லின் மேல் வைத்தாள்.

"இந்தா, ஒன் கடன்."

"அதான் கழிச்சாச்சே மதினி."

"நீ யாருடி கழிக்க? வாங்குனவ நானு. எடு."

பாண்டியம்மாளின் வாய்தான் வேண்டாமென்றது. கை அதற்கு முன்னாலேயே போய்விட்டது. அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். "எண்ண வேண்டியதில்ல. ஒங்க கை சுத்தம், எனக்குத் தெரியாதா?"

பார்த்தாயா, இங்கேயும் ஒரு படி மேலே!

"எண்ணுடி" என்றாள் மலையம்மாள்.

பாண்டியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு துவைகல்லில் உட்கார்ந்து, மடியிலிருந்து எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். பெண்கள் இடுப்புக் குடத்தோடு நின்றார்கள். ஒருத்தி கயிற்றை விடப் போனவள் விடாமல் நின்றாள்.

"சரியா இருக்கு."

"வட்டி?"

"வட்டியும் சேத்துத்தான்."

"அப்பக் கடன் இல்லன்னு சொல்லு."

"இல்ல மதினி."

"எனக்குச் சொல்லாத. அவுகளுக்குச் சொல்லு."

பாண்டியம்மாள் காசை முடிந்துகொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.