புதைத்த கால்

அண்ணன் அப்பாசாமியின் காலை ஏரிக்கரையில் குழி தோண்டிப் புதைத்தவன் பலராமன்தான். ஆள் அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடு கிடந்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்ததைத் துணியில் சுற்றிப் பொட்டலமாகக் கையில் கொடுத்தார்கள். கைக்குழந்தை கனம் இருந்தது. கரையில் அதை வைத்துவிட்டுக் குழியைத் தோண்டி முடித்துத் திரும்பினால், பொட்டலத்தைச் சுற்றிச் சாரை சாரையாய் எறும்பு. சர்க்கரை ஏறின காலுக்கு எறும்பு வராமல் என்ன செய்யும் என்று அன்றைக்கு நினைத்தான். அந்த நினைப்பு மண்டையை விட்டுப் போகவே இல்லை.

அப்பாசாமிக்கு நோய் இருப்பதைச் சொன்னது ஒரு இலவச முகாம். அண்ணனும் தம்பியும் மூட்டை தூக்கும் வெல்ல மண்டி வாசலிலேயே மேஜை போட்டு, லாரியிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு வந்தவர்களை வரிசையில் நிறுத்தி விரலில் குத்தினார்கள். அப்பாசாமிக்கு நானூற்று எண்பது. "மிஷினே தாங்கலையாம்டா," என்று சிரித்தான். சிரித்தவன் அதற்குப் பிறகு எந்த டாக்டர் வாசலையும் மிதிக்கவில்லை. "நானூத்தி எம்பதுக்கு மேல பத்தியம் இருந்து இன்னா ஆவப்போவுது?" என்று பரோட்டாவும் பாயாசமுமாகத் தின்றான். கால் போனது. அடுத்த வருஷம் ஆளும் போனான். போகிற வரைக்கும் தம்பியைக் கண்டால் ஒரே கேள்விதான்: "ஆழமா தோண்டினியாடா? நாய் கீய் இழுத்துடப் போவுது."

செத்த பிறகும் அவன் கேட்பதை நிறுத்தவில்லை. பலராமன் முதுகில் மூட்டை ஏறும்போது காதோரத்தில் கேட்பான். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்போது பலராமனுக்கும் சர்க்கரை. சுகாதார நிலையத்தில் நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுத்த நர்ஸ் மணிமொழி, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றாள். சோற்றைப் பாதியாக்கி, காயையும் கீரையையும் கூட்டி, வெறும் வயிற்றில் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஓவியா சர்க்கரை பார்க்கும் மிஷினை வாங்கி அனுப்பி, விரலில் எப்படிக் குத்துவது என்று போனிலேயே செய்து காட்டினாள்.

மலைமேல் ஏற்றும் கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டது. ஊரெல்லாம் பொரி உருண்டை பிடிக்க வெல்லம் வேண்டும். விடிவதற்குள் லாரி வந்து நிற்கும். எழுந்ததும் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறவன், மூட்டை இறக்கிவிட்டு வெயில் ஏறும் நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவான். அதுவரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். அதனால் அதுதான் அவனுக்கு வெறும் வயிறு. வந்ததும் தோளில் கிடக்கும் துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு குத்திப் பார்ப்பான்.

முதல் தடவை இருநூற்றுத் தொண்ணூறு. சோற்றை நிறுத்தினான். முன்னூற்று நாற்பது. டீயை நிறுத்தினான், களியையும் பாதியாக்கினான். நானூற்றுப் பன்னிரண்டு.

"யோவ், மண்டியில இன்னாத்தத் திருடித் தின்னுட்டு வர்ற?" என்றாள் மனைவி ஆராயி. "இங்க கீரையும் முட்டையுமா ஆக்கிப் போட்டு நான் சாவறேன்."

"பல்லுல கூட எதுவும் படலடி. சத்தியமா."

"அப்ப அந்தச் சர்க்கரை ஆகாசத்துல இருந்தா வருது?"

அவனுக்குத் தெரியும் எங்கிருந்து வருகிறதென்று. பகலில் பாயில் சாய்ந்தால் எறும்பு வந்தது. காலுக்கு வரவில்லை, கைக்கு வந்தது. விரல் இடுக்கில் ஊர்ந்து நகக்கண்ணைக் கடித்தது. உதறினால் போய்விட்டுத் திரும்ப வந்தது. அந்தப் பொட்டலத்தைச் சுற்றி நின்ற அதே சாரை. ஆழமாத்தான் தோண்டினேன் அண்ணே, என்று வாய்விட்டே சொல்லுவான். அடுப்படியில் ஆராயி பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

கால் போனால் மூட்டை இல்லை. மூட்டை இல்லாவிட்டால் பலராமன் யார்? அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அண்ணன் மாதிரி கட்டிலில் கிடந்து, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் புதைத்த காலைப் பற்றி விசாரிக்க வேண்டியதுதான். அப்படிக் கிடக்கக் கூடாது என்று ராத்திரி மாத்திரையையும் காலையிலேயே சேர்த்து விழுங்கத் தொடங்கினான். களியையும் அடியோடு விட்டான். மாத்திரை விஷயத்தை ஆராயியிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மண்டியில், மூட்டையை இறக்கி வைத்த இடத்திலேயே முழங்கால் ஆடியது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. கூட மூட்டை இறக்கும் கருப்பன் எதிரில் இரண்டாகத் தெரிந்தான்.

"இன்னா மாமா, காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டியா?" என்று கருப்பன் சிரித்தது தூரத்தில் எங்கேயோ கேட்டது.

பலராமன் கிழிந்த மூட்டை ஒன்றில் சாய்ந்தான். அவன் கை தானாகவே உள்ளே போனது. வெல்லத்தை உடைத்து வாயில் போட்டது. இன்னொரு துண்டு. வேண்டாம் வேண்டாம் என்று மனசு கத்தியும் கை நிற்கவில்லை. குனிந்து பார்த்தான். காய்ப்புக் காய்த்த, நகம் உடைந்த அந்தக் கை அவனுடையதாக இல்லை. அண்ணன் கையாக இருந்தது. தின்னுடா, இன்னா ஆவப்போவுது, என்று அண்ணன் ஊட்டிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. வியர்வை அடங்கியது. கண் தெளிந்து எதிரே மலை பழையபடி மலையாகத் தெரிந்தது. பயம் அப்போதுதான் வந்தது. விஷத்தைத் தின்று தெளிகிற உடம்பு என்ன உடம்பு?

வீட்டுக்கு வந்து ஆராயியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். இரண்டு மாத்திரையையும் சொன்னான், அண்ணன் கையையும் சொன்னான். அவள் திட்டவில்லை. மிஷினை மடியில் முடிந்துகொண்டு, ஆட்டோவில் ஏற்றி நேரே மணிமொழியிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எங்க, எப்பவும் எப்படிப் பாப்பீங்களோ அப்படியே பாருங்கண்ணா," என்றாள் மணிமொழி.

துண்டில் துடைத்தான், குத்தினான். முன்னூற்று எண்பத்தாறு.

மணிமொழி மிஷினைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் விரலைப் பிடித்தாள். பிடித்த விரல் சட்டென்று விடவில்லை.

"இன்னாங்கண்ணா கை இப்படி ஒட்டுது?"

"மண்டிக் கை அப்படித்தாம்மா. வெல்லம் எறக்கின கை."

"தெனமும் மண்டிக்குப் போய்ட்டு வந்துதான் குத்துறீங்களா? கழுவறதில்ல?"

"துண்டுல தொடைப்பேனே."

மணிமொழி துண்டை வாங்கிப் பார்த்தாள். வெல்லப் பாகு காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுத் தேய்க்க வைத்தாள். நகக்கண் வரைக்கும் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தினாள்.

நூற்றுப் பதினெட்டு.

"அய்யோ சாமி," என்று ஆராயி தலையில் அடித்துச் சிரித்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "வெல்லத்தையா இவ்ளோ நாளா அளந்துகிட்டிருந்த? அதுக்காய்யா பட்டினி கிடந்த, பாவி?"

"சிரிக்காதீங்கக்கா. சுகர் இல்லன்னு இல்ல, இருக்கு. நரம்புல எடுத்த ரத்தம் பொய் சொல்லாது. ஆனா இவரு சாப்பிடாம ரெண்டு மாத்திரையச் சேத்துப் போட்டிருக்காரு. சுகர் ரொம்பக் கம்மியாயிருக்கும். அந்த வெல்லத்தத் தின்னலன்னா மண்டியிலேயே விழுந்திருப்பாரு. டாக்டர் வந்ததும் அவர்கிட்டயும் காட்டிட்டுப் போங்க."

அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரல், குதிகால், பக்கவாட்டு.

"தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுதும்மா. குறுகுறுங்குது." கால் இரண்டும் அவனுடையதாகவே இருந்தன.

செருப்பை மாட்டும்போது கேட்டான்: "லாரியில இருந்து வெல்லம் எறக்கின கையோட, மண்டி வாசல்ல வச்சு ஒருத்தனுக்குக் குத்தினா, சிஸ்டர்?"

யாரைச் சொல்கிறான் என்று மணிமொழிக்குப் புரியவில்லை. ஆராயிக்குப் புரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுவும் தப்பாத்தாங்கண்ணா காட்டும்."

"அவனுக்கு நோவு இருந்துச்சு. காலே போச்சு."

"இருந்திருக்கும். எவ்ளோ இருந்துச்சுன்னு இப்ப யாரால சொல்ல முடியும்?"

இருநூறாக இருந்திருக்கலாம். நானூற்று எண்பதாகவே இருந்திருக்கலாம். இருநூறு என்றிருந்தால் அண்ணன் பரோட்டாவைத் தள்ளி வைத்திருப்பானா? திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் இதே நினைப்பு ஓடியது. மலை சுற்றும் கூட்டம் வழியை அடைத்துக்கொண்டு வெறுங்காலோடு போனது. அத்தனை கால்களையும் பலராமன் பார்த்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் மண்டியிலிருந்து வந்தவன் துண்டை எட்ட வீசிவிட்டு வாசலில் தண்ணீர்த் தொட்டியருகே குந்தினான். ஆராயி சோப்பை நீட்டினாள். முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினான். ஓடிய தண்ணீர் தித்திப்பாய் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எறும்பு மண்ணில்தான் கூடியது, கைக்கு வரவில்லை.

காதோரத்தில் அண்ணன் வந்து நின்றான். ஆழம் பற்றிக் கேட்பான் என்று பலராமன் காத்திருந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நின்றான், அவ்வளவுதான்.

பலராமன் இன்னொரு சொம்பு மொண்டு, பக்கத்தில் யாரோ கழுவக் கை நீட்டியிருப்பது போல, அந்த உயரத்திலிருந்து மெதுவாகக் கீழே ஊற்றினான்.

"தண்ணிய ஏன்யா சும்மா கொட்டுற?" என்றாள் ஆராயி.

அவன் சொம்பு காலியாகும் வரைக்கும் ஊற்றிவிட்டு, கையைச் சுத்தமான துணியில் துடைத்துக்கொண்டு, மிஷினை எடுத்துக்கொண்டு வரச் சொன்னான்.